அத்தியாயம் 6: இணைப்பு அறுந்தாலும் நடக்கும் டெப்ளாய்

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அதிகாலை 1 மணிக்கு யாங்கோனில் இணையம் நின்றது. காலை 9 மணிக்குத் திரும்பி வந்தது. மறுநாள் இரவும் அதே நேரத்தில் போய், அதே நேரத்தில் வந்தது. பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்பை அடுத்துத் தொடங்கிய இந்த இரவுநேரத் துண்டிப்பு வாரக்கணக்கில் நீடித்தது. மார்ச் 15 முதல் மொபைல் டேட்டா போயிற்று. ஏப்ரல் 2 அன்று வயர்லெஸ் பிராட்பேண்டும் போனது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கம்பிவழி இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இணையம் மிஞ்சியது.

வலைத்தளம் கட்டுகிறவர்களுக்கு எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: ஆள் நடமாட்டம் குறைந்த நள்ளிரவில் புதிய பதிப்பை ஏற்றுவது. தவறு நேர்ந்தாலும் பார்க்கிறவர்கள் குறைவு, விடிவதற்குள் சரிசெய்துவிடலாம். யாங்கோனில் துண்டிக்கப்பட்டது அந்த எட்டு மணி நேரமேதான். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் நுழைந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து தளத்தைப் புதுப்பிப்பவருக்கு அது பெரிய இடி. 12:50-க்குத் தொடங்கிய வேலை 1 மணிக்கு அறுந்தால், அந்த இணைப்பில் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் பெரும்பாலும் அதோடு செத்துப்போகும். பாதிக் கோப்புகள் புதியவை, பாதி பழையவை. காலை 9 மணி வரை கைவைக்க வழியில்லை.

அரசியல் காரணமாக வந்த அந்த நிலை ஒருபுறம் இருக்க, யாங்கோனில் இணைப்பு நடுவில் நிற்பதற்கு வேறு காரணங்களுக்கும் பஞ்சமில்லை. முறைவைத்து வரும் மின்வெட்டு, தீர்ந்துபோகும் ஜெனரேட்டர் டீசல், தடுக்கப்படும் விபிஎன் என்று பட்டியல் நீளும். ஆகவே ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்னும் இரு சூழல்களுக்கு (முதலாவது ஒத்திகைக்கு, இரண்டாவது வாடிக்கையாளருக்கு) தானாக டெப்ளாய் செய்யும் ஏற்பாட்டை இந்த அத்தியாயம் யாங்கோனிலிருந்து பார்க்கிறது. கொச்சி, யாழ்ப்பாணம், மதுரை என்று எங்கிருந்து வேலை செய்பவருக்கும் இதே கணக்கு செல்லும். யாங்கோனில் மட்டும் அதைத் தள்ளிப்போட முடியாது.

முதல் முடிவு, டெப்ளாய் எங்கே ஓட வேண்டும் என்பது. மியான்மருக்குள் அமேசானின் ஏடபிள்யூஎஸ் தளம் இல்லை. சிங்கப்பூரில் 2010 முதல் இருக்கிறது, பாங்காக்கில் 2025 ஜனவரியில் திறந்தார்கள். எனவே யாங்கோன் நிறுவனத்தின் சர்வர் அவ்விரண்டில் ஓரிடத்தில் இருப்பது இயல்பு. லைங் நகரியத்தின் எம்ஐசிடி பார்க்கில் உட்கார்ந்து டாக்கர் இமேஜைக் கட்டி, நூற்றுக்கணக்கான மெகாபைட்டை சிங்கப்பூருக்கு ஏற்றுவதைவிட, மூலநிரலின் மாற்றத்தை மட்டும் கிட் வழியாக அனுப்புவது எத்தனையோ மேல். ஒரு நாள் வேலையின் மாற்றம் பெரும்பாலும் சில கிலோபைட்டுக்குள் அடங்கும். திணறும் இணைப்பிலும் அது போய்ச் சேரும். சேர்ந்த பிறகு கட்டுவது, சோதிப்பது, ஏற்றுவது மூன்றும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் சிஐ, அல்லது வெளியூர் சர்வரில் நிறுவிய ஜென்கின்ஸ் ஆகிய ஒன்றின் பொறுப்பு. யாங்கோனில் மின்சாரம் போனாலும் அந்த ஓட்டம் நிற்காது. தூண்டிவிடுவது மட்டுமே இங்கே நடக்கிறது.

ஒருமுறை கட்டியதை மறுபடி கட்டக்கூடாது என்பது அடுத்தது. பலர் ஸ்டேஜிங்குக்கு ஒரு கிளை, புரொடக்‌ஷனுக்கு ஒரு கிளை வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் செவ்வாயன்று ஸ்டேஜிங்கில் சோதித்ததும் வியாழனன்று லைவ் போனதும் ஒரே பொருள் அல்ல. இடைப்பட்ட இரண்டு நாளில் ஏதாவது ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு உள்ளே நுழைந்திருக்கலாம். இமேஜ் ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்கு கமிட் எண்ணையே பெயராக வைக்க வேண்டும். ‘லேட்டஸ்ட்’ என்று பெயரிட்டால் எது எப்போது ஏறியது என்பதற்குத் தடயமே இருக்காது. ஸ்டேஜிங்கில் தேறிய அதே இமேஜ்தான் புரொடக்‌ஷனுக்கும் போக வேண்டும்.

கையால் ஏற்றுவதில் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் பங்குச்சந்தையில் நடந்ததைவிடக் கடுமையான சாட்சி இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரலை ஏழில்தான் ஏற்றியிருந்தார்கள். எட்டாவதை ஒருவர் விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. வருடக்கணக்கில் பயன்படுத்தாத பழைய நிரல் அந்த ஒற்றை சர்வரில் விழித்துக்கொண்டு, நிறுத்தாமல் பங்குகளை வாங்கி விற்றது. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013-இல் வெளியிட்ட உத்தரவு இதை வரிவரியாகச் சொல்கிறது. அதில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் வேறு. பதற்றத்தில் முந்தைய பதிப்புக்குத் திரும்ப அவர்கள் செய்த ரோல்பேக், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியது. அதனால் பழைய நிரல் எட்டிலும் ஓடத் தொடங்கி, நஷ்டம் பெருகியது.

இமேஜ் ஒன்றே என்றால் இரு சூழல்களுக்கும் இடையே மாறுவது எது? அமைப்புத் தகவல் மட்டுமே: தரவுத்தள முகவரி, கடவுச்சொல், கட்டணச் சேவையின் சாவி, மின்னஞ்சல் சர்வர். ஹீரோக்குவில் ஆடம் விக்கின்ஸ் 2011-இல் எழுதிய ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ என்ற கோட்பாடு இவற்றை நிரலுக்கு வெளியே, சூழல் மாறிகளில் வைக்கச் சொன்னது. அது இன்றும் சரியான அறிவுரை. கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் சூழல் வாரியாக ரகசியங்களைத் தனித்தனியே பூட்டிவைக்க இடம் இருக்கிறது. ஸ்டேஜிங் வேலைக்கு புரொடக்‌ஷன் கடவுச்சொல் கண்ணிலேயே படக்கூடாது. முடிந்தால் இரண்டும் வெவ்வேறு கிளவுட் கணக்குகளில் இருக்கட்டும். செலவு அவ்வளவாகக் கூடாது. ஸ்டேஜிங்கில் ஓடிய ஒரு தவறான கட்டளை லைவ் தரவைத் தொடவே முடியாத நிலை அதனால் கிடைக்கும்.

தவறான இடத்தில் ஓடும் ஒரு கட்டளை என்ன செய்யும் என்பதை 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனமே உலகுக்குக் காட்டியது. இரண்டு தரவுத்தள சர்வர்களில் துணை சர்வரின் கோப்பகத்தை அழிக்க நினைத்த பொறியாளர், முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது, 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். தினசரி பேக்கப் எடுக்கும் நிரல் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் ஒருவருக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஸ்டேஜிங். சம்பவத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு, ஸ்டேஜிங்குக்குப் புதிய தரவு வேண்டும் என்று தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தது. அதிலிருந்துதான் தளத்தை மீட்டார்கள். ஸ்டேஜிங்கின் வட்டுகள் மெதுவானவை என்பதால் நகலெடுக்கவே பல மணி நேரம் ஆயிற்று. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். பிறகு அவர்கள் செய்த திருத்தங்களில் ஒன்று எளிமையானது: எந்த சர்வரில், எந்தச் சூழலில் இருக்கிறோம் என்பது கட்டளைத் திரையிலேயே பளிச்சென்று தெரியும்படி மாற்றினார்கள். புரொடக்‌ஷன் திரைக்குச் சிவப்பு வைப்பது ஐந்து நிமிட வேலை. இன்றே செய்துவிடலாம்.

நிரலை முந்தைய பதிப்புக்குத் திருப்புவது எளிது. தரவுக்கு அந்த வசதி இல்லை. இதை யாங்கோன் கற்றுக்கொண்ட விதம் தமிழருக்குப் பழக்கமான கதை. பாமினி, டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு யுனிகோடுக்கு மாறிய தலைமுறை நம்முடையது. தமிழக அரசு 2010-இல்தான் யுனிகோடை முறைப்படி ஏற்றது. பர்மிய மொழியில் அந்த இடத்தில் இருந்தது ஸாஜி எழுத்துரு. 2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் அதிகாரபூர்வமாக ஸாஜியிலிருந்து யுனிகோடுக்கு மாறியது. பாமினி உட்கார்ந்திருந்தது ஆங்கில எழுத்துகளின் இடத்தில். எனவே பாமினியில் எழுதியதை யுனிகோடிலிருந்து பிரிப்பது சுலபம். ஸாஜியோ பர்மிய யுனிகோடின் அதே குறி எண்களையே எடுத்துக்கொண்டு வேறு எழுத்துகளுக்குக் கொடுத்திருந்தது. ஒரு வரியைப் பார்த்து இது எந்த முறை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். கூகுள் வெளியிட்ட ‘மியான்மர் டூல்ஸ்’ நூலகம் எழுத்துகள் அடுத்தடுத்து வரும் நிகழ்தகவைக் கணக்கிட்டு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. ஃபேஸ்புக், பயனரின் கருவி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதை அறிய ஓர் எழுத்துக் கோவையைத் திரையில் வரைந்து அதன் அகலத்தை அளந்தது. யுனிகோடில் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு அகலம் குறையும், ஸாஜியில் குறையாது.

யாங்கோனில் ஒரு கடைத் தளம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பெயர், முகவரி, பொருள் விவரம் எல்லாம் பத்தாண்டுகளாக ஸாஜியும் யுனிகோடும் கலந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே டெப்ளாயில் எல்லா வரிசையையும் மாற்றிவிடலாம் என்ற ஆசை வரும். அடக்க வேண்டிய ஆசை அது. ஏற்கெனவே யுனிகோடில் இருப்பதை மறுபடி ‘மாற்றினால்’ எழுத்து சிதைந்துவிடும். மாற்றும் நிரல் பாதியில் நின்று மறுமுறை ஓடினால், முதல் பாதி இருமுறை மாறிக் கெட்டுப்போகும். எனவே பழைய பத்தியைத் தொடாமல் பக்கத்தில் ஒரு புதிய பத்தி சேர்ப்பது முதல் டெப்ளாய். எழுதும்போது இரண்டிலும் எழுதும் நிரல் இரண்டாவது. பழைய வரிசைகளைச் சிறு சிறு தொகுதிகளாக மாற்றி, மாற்றியாயிற்று என்ற குறியையும் வைத்துக்கொண்டே போகும் பின்னணி வேலை மூன்றாவது. நடுவில் அறுந்தால் குறி இல்லாத இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். பிறகு வாசிப்பைப் புதிய பத்திக்கு மாற்றலாம். பழையதை நீக்குவதற்குச் சில வாரம் பொறுக்கலாம். அதை நீக்கும்வரை ஒவ்வொரு படியிலிருந்தும் முந்தைய நிரலுக்குத் திரும்ப முடியும். கட்டணப் பதிவிலோ சரக்குக் கணக்கிலோ செய்யும் எந்த மாற்றத்துக்கும் இதே வரிசைதான்.

இங்கே ஸ்டேஜிங் தரவைப் பற்றி ஒரு நுணுக்கம். வாடிக்கையாளரின் அந்தரங்கம் காக்கப் பெயர்களையெல்லாம் ‘சோதனை 1’, ‘சோதனை 2’ என்று மாற்றிவைத்தால், ஸாஜிச் சிக்கல் ஸ்டேஜிங்கில் தலைகாட்டவே காட்டாது. எல்லாம் பச்சை விளக்கு. லைவ் போனதும் குழப்பம். அப்படியே நகலெடுப்பதும் ஆகாது. இன்றைய மியான்மரில் யாருடைய பெயர், எந்தத் தொலைபேசி எண், எந்த முகவரி என்ற இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே தொலைபேசி எண்களைப் புனைந்தவையாக மாற்றிவிட்டு, பெயர்களையும் முகவரிகளையும் வெவ்வேறு வரிசைகளுக்கு இடையே தனித்தனியாகக் கலைத்துப்போடுவது நல்ல வழி. எழுத்துமுறையின் கலப்பு அப்படியே இருக்கும், ஆளை அடையாளம் காண்பது கடினமாகும். கலைக்கும் வேலை புரொடக்‌ஷன் பக்கத்திலேயே முடிந்து, கலைத்த நகல் மட்டுமே ஸ்டேஜிங்குக்கு வர வேண்டும்.

ஸ்டேஜிங் முகவரியைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்துபோடுவதும், அங்கிருந்து உண்மையான மின்னஞ்சல் போக விடுவதும் பரவலான பிழைகள். 2021 ஜூன் 17 அன்று எச்பிஓ மேக்ஸ் சந்தாதாரர் பலருக்கு ‘ஒருங்கிணைப்புச் சோதனை மின்னஞ்சல் 1’ என்ற தலைப்பில் மின்னஞ்சல் ஒன்று போய்ச் சேர்ந்தது. பெரிய சேதமில்லை. அதே இடத்தில் ‘உங்கள் பணம் திருப்பி அனுப்பப்பட்டது’ என்ற சோதனைக் கடிதம் போயிருந்தால் கதை வேறு. ஸ்டேஜிங்கின் மின்னஞ்சல்கள் மெயில்பிட் போன்ற பொறி ஒன்றில் விழட்டும். கட்டணம் சோதனைச் சாவியோடு மட்டும் ஓடட்டும்.

ஸ்டேஜிங் தளத்துக்குள் நுழைய விபிஎன் கட்டாயம் என்று வைப்பது மற்ற ஊர்களில் நல்ல பழக்கம். யாங்கோனில் வேண்டாம். 2024 மே இறுதியிலிருந்து விபிஎன் சேவைகள் தடுக்கப்பட்டன. 2025 ஜனவரி 1 அன்று கையெழுத்தான இணையப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றி விபிஎன் அமைத்துத் தருவதைத் தண்டனைக்குரியதாக்கியது. சாதாரண எச்டிடிபிஎஸ் வழியில் இரண்டடுக்கு உள்நுழைவு போதும்.

நேரக் கணக்கும் இங்கே சோதிக்கும். யாங்கோன் நேரம் யுடிசியைவிட 6 மணி 30 நிமிடம் முந்தியது; நம் ஊரைவிட ஒரு மணி முந்தியது, சிங்கப்பூரைவிட ஒன்றரை மணி பிந்தியது. தானியங்கி வேலைகளின் கால அட்டவணையை கட்டி ஏற்றும் சிஐ சேவைகள் வழக்கமாக யுடிசியில்தான் படிக்கும். யாங்கோனில் ஞாயிறு அதிகாலை 2 மணி என்பது யுடிசியில் சனி இரவு 7:30. மாதம் 1-ஆம் தேதி அதிகாலையில் ஓட வேண்டிய கணக்கு வேலை, யுடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாளில் விழும். அது 28-ஆ, 30-ஆ, 31-ஆ என்பது மாதத்துக்கு மாதம் மாறும். பெயரிலும் சிக்கல் உண்டு. கணினிகளின் நேர மண்டலப் பட்டியலில் ‘ஏசியா/ரங்கூன்’ என்றிருந்தது 2016-இல் ‘ஏசியா/யாங்கோன்’ ஆனது. குரோம் உலாவியோ நெடுங்காலம் பழைய பெயரையே தந்துவந்தது. ஆல்பைன் போன்ற மெலிந்த டாக்கர் இமேஜ்களில் அந்தப் பட்டியலே இருக்காது. உபுண்டு 24.04-இல் ‘ஏசியா/கல்கத்தா’ போன்ற பழைய பெயர்களைத் தனிப் பொதிக்கு நகர்த்திவிட்டார்கள். பொறியாளரின் மடிக்கணினியில் சரியாக ஓடிய நிரல் சர்வரில் ஏன் விழுந்தது என்று தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஸ்டேஜிங்கும் புரொடக்‌ஷனும் ஒரே அடிப்படை இமேஜில் நின்றால் இந்தப் பிழை ஸ்டேஜிங்கிலேயே பிடிபடும்.

இப்போது ஓட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை பார்க்கலாம். பொறியாளர் மெயின் கிளைக்கு மாற்றத்தை அனுப்புகிறார். சிஐ சேவை சோதனைகளை ஓட்டி, தேறினால் இமேஜைக் கட்டி, கமிட் எண்ணைச் சூட்டிக் களஞ்சியத்தில் வைக்கிறது. யாரையும் கேட்காமல் அதை ஸ்டேஜிங்கில் ஏற்றுகிறது. ஏற்றியதும் சில அடிப்படைச் சோதனைகள் ஓட வேண்டும்: முகப்புப் பக்கம் திறக்கிறதா, உள்நுழைய முடிகிறதா, பர்மிய எழுத்தில் தேடினால் பொருள் கிடைக்கிறதா, சோதனைக் கட்டணம் முடிகிறதா. அதற்கு மேல் ஓட்டம் நின்று ஒரு மனிதரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். கிட்லேபில் புரொடக்‌ஷன் வேலையைக் ‘கையால் தூண்டுவது’ என்று குறித்தால் போதும். கிட்ஹப்பில் சூழலுக்கு ஒப்புதலாளரை நியமிக்கும் வசதி உண்டு, ஆனால் தனியார் களஞ்சியங்களுக்கு அது எல்லாத் திட்டங்களிலும் கிடைப்பதில்லை என்பதைத் தொடங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது. ஒப்புதல் தருபவர் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் யாங்கோனுக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. ஊர் முழுக்க இணைப்பு போன இரவில் ரோல்பேக் பொத்தானை அழுத்த அவரால் முடியும்.

ஒப்புதல் கிடைத்ததும் அதே இமேஜ் புரொடக்‌ஷனுக்குப் போகிறது. இங்கே இரண்டு காப்புகள் தேவை. ஒரே நேரத்தில் இரண்டு டெப்ளாய் மோதாதபடி பூட்டு ஒன்று. இணைப்பு அறுந்து, போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி பொத்தானை அழுத்துபவர்கள் இருக்கும் ஊரில் அந்தப் பூட்டு கட்டாயம். மற்றது, முழுதாக மாறுவது அல்லது மாறவே மாறாதது என்ற ஏற்பாடு. டாக்கர் இல்லாத சிறு தளங்களுக்கு கேபிஸ்ட்ரானோ காட்டிய பழைய வழி இன்றும் உழைக்கிறது. ஒவ்வொரு பதிப்பையும் தனிக் கோப்பகத்தில் முழுதாக இறக்கி, எல்லாம் முடிந்த பிறகு ‘கரண்ட்’ என்ற சுட்டியை மட்டும் புதிய கோப்பகத்துக்குத் திருப்புவது. இறக்கும்போது அறுந்தால் பழைய தளம் அப்படியே ஓடும். திரும்பிப் போக வேண்டுமானால் சுட்டியைத் திருப்பினால் போதும். லாராவெல் தளம் ஒன்றையே சர்வரில் வைத்திருப்பவர் பெரிய கருவிகளைத் தேடிப்போக வேண்டியதில்லை. இதை ஒரு சிஐ வேலையாக எழுதிவிட்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

சுட்டி திரும்பியதும் நலச் சோதனை சில நிமிடம் தளத்தைக் கவனிக்கும். பிழைகள் கூடினால் தானே முந்தைய கமிட் எண்ணுக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தை மாதம் ஒருமுறையாவது ஸ்டேஜிங்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே உடைந்த பதிப்பு ஒன்றை ஏற்றி, அது தானே இறங்குகிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவைக்க வேண்டும். அதே நாளில் முந்தைய இரவின் புரொடக்‌ஷன் பேக்கப்பையும் திறந்து பார்க்க வேண்டும். அதை ஸ்டேஜிங்கின் தரவுத்தளத்தில் நேரடியாக விரிக்காமல், புரொடக்‌ஷன் கணக்கிலேயே ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தில் விரித்து, கடைசி ஆர்டரின் தேதி சரிதானா என்று பார்த்துவிட்டு, பிறகு அதைக் கலைத்து ஸ்டேஜிங்குக்கு அனுப்பலாம். பேக்கப் சோதனையும் ஸ்டேஜிங்குக்குப் புதிய தரவும் ஒரே வேலையில் முடிந்துவிடும். அந்த வேலையையும் சிஐ அட்டவணையில் போட்டுவிடலாம்: யாங்கோனில் முதல் ஞாயிறு காலை 10 மணி, யுடிசியில் அதிகாலை 3:30.